ஒன்பதுக்கு ஒன்பது

பிப்ரவரி 4

மருமகளுக்கு,

இங்க நான், உன் நாத்தனார், மாப்பிள்ளை, அவங்க வீட்டு மீன்தொட்டி எல்லாரும் சௌக்கியம். அங்க நீயும் உன் கோபமும் சௌக்கியமா?

போன் பண்ணினா நீ எடுக்க மாட்டேங்கிற. எடுத்தாலும் 'ம்', 'ம்ஹும்'னு முடிச்சிடுற. அதான் பேனாவ எடுத்தேன். கடுதாசில ஒரு வசதி, நான் முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேச முடியாது. நான் படிச்சது எட்டாவது. அதுலயும் ஏழாவது ரெண்டு தடவை படிச்சு ஆழமா படிச்சவன். தப்பு இருந்தா சிவப்பு மையைத் தூக்கிட்டு உக்காராத.

அன்னைக்கு அடுப்படியில நடந்ததை நானே ஒரு தடவை சொல்லிடறேன், சரியான்னு பாத்துக்கோ. பல்லு போன, முழுங்க முடியாத வயசாளிங்களுக்குன்னு நீ யுனிவர்சிட்டியில பட்டாணி மாவுல ஒரு பச்சைப் பூச்சு கண்டுபிடிச்ச. பூச்சுன்னா உனக்குக் கோவம் வரும், 'மென்னுணவு'ன்னு வச்சுக்குவோம். அதை ருசி பாத்து மார்க் போட எழுபது தாண்டின ஆளுங்க வேணும்னு தேடின. நம்ம தெருவுல வீடு வீடா ஏறி ஆள் பிடிச்சுக் கொடுத்தது யாரு? இந்தக் கிழவன். அத்தனை பேரும் உன் பண்டத்துக்கு ஒன்பதுக்கு ஒன்பது போட்டோம். நீ சந்தோஷத்துல எனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்த. அப்புறம் அதையே ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பின. கிண்ணம் போன மாதிரியே திரும்பி வந்துடுச்சு. அங்க இருக்கிற பெருசுங்க ரெண்டாவது கரண்டி எடுக்கல.

"மாமா, நீங்க நம்ம ஆளுங்ககிட்ட ஏதாவது சொல்லி வச்சீங்களா?"ன்னு கேட்ட. "நல்ல சரக்குன்னா நாலு பேர்கிட்ட சொல்றதுதானே"ன்னு சிரிச்சேன். அவ்வளவுதான். கையில இருந்த கரண்டிய பாத்திரம் கழுவற தொட்டியில போட்ட. "என் படிப்பை ஏலம் விட்டுட்டீங்க மாமா"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்ட.

ஏலம் விட்டவனைப் பாத்து ஏலம் விட்டன்னு சொன்னா கோவம் வரக்கூடாதுதான். ஆனா வந்துச்சு. பையைத் தூக்கிட்டு உன் நாத்தனார் வீட்டுக்கு வந்துட்டேன். நீ போகச் சொல்லல, ஒத்துக்கறேன். ஆனா இருங்கன்னும் சொல்லல.

இங்க மாப்பிள்ளை டி.வி.க்கு முன்னாடி உக்காந்தா அவரும் நாற்காலியும் ஒண்ணுதான், ரெண்டும் அசையாது. பேசறதுக்கு மீனுங்கதான் இருக்கு. அதுங்களும் வாயை மட்டும் திறக்குது.

இப்படிக்கு,
வேலைநீக்கம் செய்யப்பட்ட நாக்கு


பிப்ரவரி 11

மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மாத்திரை டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதோடு அனுப்பியிருக்கிறேன். வெள்ளை வெறும் வயிற்றில், மஞ்சள் சாப்பிட்ட பிறகு. மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வைத்தியரைக் குறை சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது சரிதான், ஒன்றைத் தவிர. நடந்தது சிரிக்கும்படியான காரியம் போல எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ருசி அறையில் ஏன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தடுப்பு வைத்திருக்கிறோம்? ஒருவர் முகம் சுளிப்பதைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. ஏன் சிவப்பு விளக்கு? பச்சை நிறத்தைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக. கிண்ணத்தில் பெயர் எழுதாமல் எண் ஒட்டுவது எதற்கு? எது கடையில் விற்கும் டப்பா உணவு, எது நான் செய்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. அந்த அறையில் நாக்கைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை. அத்தனையும் செய்துவிட்டு, எண் சீட்டுகளை மட்டும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒட்டினேன். உங்களையும் உட்கார வைத்து ஒட்டச் சொன்னேன். "கை சும்மா இருக்கிறதே, கொடு" என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் தவறு இதோடு முடியவில்லை. சொந்தக்காரர்கள் ருசி பார்க்க வரக் கூடாது என்பது விதி. ஆள் கிடைக்காத அவசரத்தில், என் பேராசிரியரிடம் உங்களை "பக்கத்துத் தெருப் பெரியவர்" என்று சொன்னேன். அவருக்கு இன்றுவரை உண்மை தெரியாது. அடுத்த மாதக் கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதில் நடு அத்தியாயமே உங்கள் ஒன்பதுதான்.

ஆகவே ஒரே ஒரு கேள்வி. யார் யாரிடம் என்ன சொன்னீர்கள்? வேடிக்கை இல்லாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 16

மருமகளே,

கடுதாசியப் பிரிச்சதும் கோர்ட்டுல இருந்து சம்மன் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன். உன் நாத்தனார் படிச்சுட்டு "அப்பா, யாரு இந்த வக்கீலு?"ன்னு கேட்டா. மாத்திரை வந்து சேந்துச்சு. மஞ்சளும் வெள்ளையும் சண்டை போடாம இருக்கு.

வேடிக்கை இல்லாம எழுதுன்னுட்ட. சமையல்காரனை உப்பு இல்லாம சமைன்னா எப்படி? முயற்சி பண்றேன்.

உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த நடைவழி பெஞ்சுல எங்களை உக்கார வைப்பியே, அங்கதான் சந்தை கூடிச்சு. முத வாரம் ருசி பாத்துட்டு வந்த சைக்கிள் கடை பஞ்சர், "என்னய்யா இது, டியூபுக்கு ஒட்டுப் போடற பசை மாதிரி இருக்கு"ன்னான்.

"ஒட்டுதான்யா. உடம்புக்குப் போடற ஒட்டு. என் மருமக கண்டுபிடிச்சது. அடுத்த வாரம் நாநூத்துப் பதினேழுன்னு ஒரு கிண்ணம் வரும், ஒன்பது போடு."

"கசக்குதேய்யா!"

"உன் கல்யாணம் கூடத்தான் கசந்துச்சு, அதை விட்டுட்டியா?"

டீச்சரம்மா கொஞ்சம் கறார். "எனக்கு ஆறுக்கு மேல மனசு வரல"ன்னாங்க. "டீச்சர், எத்தனை பிள்ளைங்களைக் கை தூக்கி விட்டிருப்பீங்க, என் வீட்டுப் பிள்ளைய மட்டும் கவுத்துடுவீங்களா?"ன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க. அப்பவே ஏழு ஆயிடுச்சு, அடுத்த வாரம் ஒன்பது. மிலிட்டரிக்காரர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. தடுப்புல ஒரு தட்டு தட்டினேன். அவரு உத்தரவுன்னு எடுத்துக்கிட்டாரு.

மத்தவங்களும் இதே கதைதான். ஒருத்தரையும் விடல.

நான் என்ன பண்ணட்டும்? ஆயுசு பூரா காய்கறி மண்டியில ஏலம் விட்ட வாய். கூடையைப் பாத்தா கை தானா தூக்கும், வாய் தானா ஏத்தும். அதுலயும் அது என் வீட்டுக் கூடை.

இப்ப ஒரு யோசனை சொல்றேன், கேளு. சும்மா இரு. வார்டுல இருக்கிறது நோயாளிங்க. நோயாளி நாக்குல தேனும் கசக்கும்னு எழுதிடு. மூணு வருஷம் உக்காந்து முதுகு வளைஞ்ச பொண்ணு நீ. பட்டத்தை வாங்கி சுவத்துல மாட்டு. கசப்பை அப்புறம் பொறுமையா எடுத்துக்கலாம். மண்டியில எல்லாரும் மேல இருக்கிற தக்காளியத்தான் காட்டுவோம், அடியில இருக்கிறதை வீட்டுக்குப் போய்த்தான் பாப்பாங்க.

எனக்குத் தெரியும், நீ கேக்க மாட்ட. சொல்லி வச்சேன்.

இப்படிக்கு,
பக்கத்துத் தெருப் பெரியவர்


பிப்ரவரி 24

மாமா,

உங்கள் யோசனையைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. ஏன் தெரியுமா? அதே வாக்கியம், 'நோயாளிகளின் சுவையுணர்வு மாறுபடுவதால்' என்று, ஏற்கனவே என் ஆய்வேட்டில் நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். நீங்கள் சொன்னதும்தான் அது எப்படிப்பட்ட வாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது. அழித்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். இதுவரை கிண்ணங்களை அனுப்பியிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூடப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். நானே ஒரு கரண்டி ஊட்டினேன்.

"எப்படி இருக்குங்க?"

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. நீங்களா செஞ்சீங்க?"

"ஆமாங்க. மீதியைச் சாப்பிடுங்க."

"சாப்பிடறேம்மா, சாப்பிடறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நாளைக்கும் வருவீங்களா?"

வருவேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பேனாவை அவர் மேசையில் விட்டது ஞாபகம் வந்து திரும்பினேன். அவர் கிண்ணத்தை ஒரு செய்தித்தாளில் கவிழ்த்து, பொட்டலமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன் போல ஒரு சிரிப்பு. மாமா, அவர் பசியோடு இருக்கிறார். எடை குறைந்துகொண்டே வருகிறது என்று சிஸ்டர் சொன்னார். அவருக்காகத்தான் நான் அதைச் செய்தேன். அவரால் அதை விழுங்க முடியவில்லை. ஆனால் என்னிடம் நல்லா இருக்கு என்கிறார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. அதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, நான் எதைத் தட்டில் வைத்தாலும் நீங்க "பிரமாதம்"ன்னுதான் சொல்லியிருக்கீங்க. உங்க பையன் குறை சொன்னாலும் நீங்க சொன்னதில்ல. எங்க அம்மாவை விட்டுட்டு வந்த வீட்டுல அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நின்னேன். அதுவும் ஏலமா மாமா?

இனிமே நீங்க சொல்றதுல எதை நம்பறதுன்னு எனக்குத் தெரியல. அந்த நாநூத்துப் பதினேழு உங்க நாக்குல எப்படி இருந்துச்சு? மருமகள் செஞ்சதுன்னு இல்லாம, வெறும் நாக்குல?

உங்கள் மருமகள்


மார்ச் 2

அம்மாடி,

உன் கடுதாசிய வாங்கி நாலு நாள் ஆச்சு. பேனாவ எடுக்கறதும் மூடறதுமா இருந்தேன். உன் நாத்தனார் "என்னப்பா, வாய்ல கொழுக்கட்டையா?"ன்னு கேட்டா. பதில் சொல்லல. அவ பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமான்னா.

கசந்துச்சு.

வாயில வைக்கும்போது ஒண்ணும் தெரியாது. வழுவழுன்னு உள்ள போகும். முழுங்கினதுக்கு அப்புறம்தான், தொண்டைக்கு மேல, நாக்கோட அடியில, பச்சைத் தழையைக் கசக்கி வச்ச மாதிரி வரும். நீ குடுக்கிற தண்ணியும் பிஸ்கோத்தும் அதை அசைக்காது. டீ குடிச்சாத்தான் போகும். அதான் நாங்க வெளியே வந்ததும் டீக்கடைக்கு அப்படி ஓடினோம். நீ எங்க கூட்டத்துக்கு டீ மேல ஆசைன்னு நினைச்ச.

அடுத்தது உன் சமையல். இதையும் சொல்லிடறேன், உலையில கை வச்சாச்சு. முத வருஷம் நல்லாவே இல்ல. அடி பிடிக்கும், இல்லாட்டி நீந்தும். நான் பிரமாதம்னு சொன்னது பிரமாதம்ங்கறதுக்காக இல்ல, நீ தட்டை வச்சிட்டு என் முகத்தையே பாப்ப பாரு, அதுக்காக. இப்ப நெசமாவே நல்லா சமைக்கிற. என்னைக்கு மாறிச்சுன்னு எனக்கே தெரியாது, ஏன்னா நான் ஒரே வார்த்தையத்தான் சொல்லிட்டு இருந்தேன். காப்பி மட்டும் இன்னைக்கு வரைக்கும் சரியில்ல. அதை நான் எப்படிக் குடிக்கிறேன்னு வாசல் பூந்தொட்டியக் கேளு.

உங்க அத்தைகிட்டயும் இப்படித்தான் இருந்தேன். ஒரு தடவை அவளுக்குத் தெரியாம உப்பு போட்டுக்கிட்டேன், பாத்துட்டா. "பொய் சொல்ற வாய்க்கு உப்பு எதுக்கு?"ன்னா. அப்புறம் உப்பு ஜாடியத் தட்டுக்குப் பக்கத்துலயே வச்சுட்டா. கோவமா, பாசமான்னு எனக்குக் கடைசி வரைக்கும் புரியல.

நம்ம பெஞ்சு ஆளுங்க ஏன் தலையாட்டினாங்கன்னு நீ கேக்கல. என் வாய்க்கு அவ்வளவு சக்தின்னு நான் மார் தட்டிக்கலாம்னுதான் பாத்தேன். பொய்யி. அவங்களுக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் போறதுக்கு இடம். மிலிட்டரிக்காரரு அதுக்குன்னு சட்டையப் பெட்டி போட்டு மாட்டிக்கிட்டு வருவாரு. ஒரு தடவை என்கிட்ட, "நல்லா இல்லன்னு எழுதினா அடுத்த வாரம் கூப்பிடுவாங்களா?"ன்னு கேட்டாரு. "கூப்பிட மாட்டாங்க"ன்னேன். வேணும்னேதான் சொன்னேன். அந்த ஒரு சொல்லுதான் எல்லாத்தையும் விட மோசம்னு இப்பத்தான் தெரியுது.

உன் ஜன்னலோரப் பெரியவருக்கும் நீ நாளைக்கு வரணும், அவ்வளவுதான்.

உங்க பேராசிரியர் அம்மாகிட்ட நானே பேசறேன். நான் உண்டாக்கின முடிச்சு. நீ வாயே திறக்காத.

இப்படிக்கு,
பூந்தொட்டியக் கொன்னவன்


மார்ச் 10

மாமா,

நீங்க பேசறதுக்கு முந்தியே நான் பேசிட்டேன். திங்கட்கிழமை காலையிலேயே. நீங்க அப்படியே விட்டிருக்கலாம்.

பேராசிரியர் அறையில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண் சீட்டு, பெஞ்சு, நீங்கள் என் மாமனார் என்பது. அவர் மேசையில் இருந்த என் ஆய்வேட்டின் நடு அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்து, தட்டி ஒழுங்காக்கி, இழுப்பறையில் போட்டார்.

"இதை எடுத்துட்டா உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஆஸ்பத்திரிக் கிண்ணம் இருக்கு மேம். திரும்பி வந்ததையெல்லாம் சிஸ்டர் கொட்டாம ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தாங்க. எடை போட்டுட்டேன்."

"யாரையும் கேக்கலையா?"

"கேட்டா நல்லா இருக்குன்னுதான் மேம் சொல்றாங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். அறை முழுக்க உங்கள் குரல்.

"வணக்கம்ங்க அம்மா. நான் பக்கத்துத் தெருப் பெரியவர் பேசறேன். அந்த ஆராய்ச்சிப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. முன்னப்பின்ன பாத்தது இல்ல. ஆனா ரொம்ப நல்ல பொண்ணு. எங்க வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு சொல் அதிகமா பேசினது இல்ல."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் தொலைபேசியை வைத்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. "சிரிப்பு வேற, இது வேற" என்றார்.

ஆகவே, ஆய்வேடு இந்த வருஷம் இல்லை. ருசி அறை மார்க் அத்தனையும் குப்பை. உணவை முதலிலிருந்து மாற்றிச் செய்ய வேண்டும், கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம், ஒருவேளை அதற்கு மேலும். கூடப் படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கும்போது நான் கிண்ணம் கழுவிக்கொண்டிருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் உங்க பையன்கிட்ட சொல்லி அழுதேன். அவர் காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துப் பார்த்த பிறகுதான், நான் போடுவது அதைவிட மோசம் என்று ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்று. இனிமேல் நீங்கள் அந்தக் கட்டிடத்துக்குள் வரக் கூடாது. இது பேராசிரியர் போட்ட விதி. நானும் அதையேதான் சொல்கிறேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 16

அம்மாடி,

ஸ்பீக்கர்ல போட்டுட்டாங்களா! அந்த அம்மா ஏன் ஒண்ணுமே பேசலன்னு நான் யோசிச்சேன். என் பேச்சுல மயங்கிட்டாங்கன்னு நினைச்சு இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் போட்டேன். ஏலக்காரனுக்கு எதிர்ல இருக்கிற முகம் தெரியணும், போன்ல ஏலம் விடவே கூடாது.

ஒரு வருஷம்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சிட்டு மொட்டை மாடியில போய் உக்காந்துட்டேன். மாப்பிள்ளை டி.வி.ய அணைச்சுட்டு மேல வந்தாரு. அவரு டி.வி.ய அணைச்சு நான் பாத்ததே இல்ல. "என்ன மாமா?"ன்னாரு. "ஒரு பொண்ணோட ஒரு வருஷத்தைத் தின்னுட்டேன் மாப்பிள்ளை"ன்னேன். அவரு அப்படியே பக்கத்துல உக்காந்தாரு. மனுஷன் மோசம் இல்ல.

நான் உன்கிட்ட மன்னிப்பு கேட்டா, அதையும் எப்படி ஏத்தி விக்கலாம்னுதான் இந்த வாய் பாக்கும். அதனால கேக்கல. நீயும் எதிர்பாக்காத.

கட்டிடத்துக்குள்ள வர மாட்டேன். வாசல்ல கூட நிக்க மாட்டேன். ஆனா அந்த பெஞ்சு ஆளுங்களை விட்டுடாத. பஞ்சரும் டீச்சரம்மாவும் என்ன தப்பு பண்ணினாங்க? மிலிட்டரிக்காரரு போன் பண்ணினாரு, "இந்த வாரம் எத்தனை மணிக்கு?"ன்னு. என்ன சொல்றதுன்னு தெரியாம, லைன் கிடைக்காத மாதிரி ஹலோ ஹலோன்னு கத்திட்டு வச்சுட்டேன். பாரு, மறுபடியும் பொய்யி. உடனே திருப்பிக் கூப்பிட்டு, "நான்தான் உங்களை ஏமாத்தினேன், நல்லா இல்லன்னு எழுதினாலும் கூப்பிடுவாங்க"ன்னு சொன்னேன். அவரு இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. அப்புறம், "அப்ப கூப்பிட்டா நான் எனக்குத் தோணினதையே எழுதறேன்"ன்னாரு.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 20

மாமாவுக்கு,

உங்கள் பெஞ்சு ஆட்கள் வருகிறார்கள். ருசி அறைக்கு இல்லை, அதற்கு ஊரின் அந்தப் பக்கத்திலிருந்து, எங்களை யாரென்றே தெரியாதவர்களைப் பிடித்திருக்கிறேன். இவர்களுக்கு மத்தியானம் ஒரு அறையில் மேசை போட்டுச் சாப்பாடு வைக்கிறோம், ஒரு கிண்ணம் என் உணவு. யாரும் எதுவும் கேட்பதில்லை, மார்க் கிடையாது, நானும் அங்கே நிற்பதில்லை. எழுந்து போன பிறகு தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எடை போடுகிறோம். முதல் நாள் உள்ளே போகும்போது டீச்சரம்மா என்னிடம், "கேள்வித்தாளே இல்லாத பரீட்சையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, முக்கால் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம், இதுதானே வேண்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

கசப்பு பட்டாணித் தோலை ஒட்டிய பகுதியில்தான் அதிகம் இருந்தது. ஊறவைக்கும் தண்ணீரை மாற்றி, கொஞ்ச நேரம் ஆவியில் வைத்த பிறகு அரைக்கிறேன். குறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் என் நாக்கு இதைத் தின்று தின்று மரத்துவிட்டது. வீட்டில் உங்க பையனைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். பயமாக இருக்கிறது, அவரும் உங்க பிள்ளைதானே.

அவர் அந்தப் பக்கம் வேலையாக வருகிறார். ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இது பல்கலைக்கழகத்துக்கு இல்லை, எந்தக் கணக்கிலும் சேராது. எனக்கு மட்டும். அவர் முன்னாடி சாப்பிடாதீங்க. என்னை நினைச்சுக்கிட்டும் சாப்பிடாதீங்க, முடிஞ்சா.

வீட்டுக்கு வாங்கன்னு இன்னும் எழுதல. எழுதணும்னு கை வருது, ஆனா அதை எழுதிட்டா நீங்க இதுக்கு ஒன்பது போட்டுடுவீங்களோன்னு பயமா இருக்கு. அதனால முதல்ல இது.

ஜன்னலோரப் பெரியவர் போன வாரம் தவறிப்போனார். என் உணவு அவருக்குச் சரியாவதற்குள். அதை உங்ககிட்டத்தான் சொல்லணும்னு தோணிச்சு.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 23

அம்மாடி,

பெரியவர் சேதி படிச்சேன். நான் அவரைப் பாத்ததே இல்ல. ஆனா அந்த வரிய மட்டும் மூணு தடவை படிச்சேன்.

பையன் டப்பாவக் குடுத்துட்டுப் போனப்புறம், எல்லாரும் வெளிய போற வரைக்கும் காத்திருந்தேன். அடுப்படியில, சுவத்தைப் பாத்து உக்காந்து சாப்பிட்டேன். தடுப்பு இல்ல, சிவப்பு விளக்கு இல்ல. மீன்தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டேன், அதுங்க முகத்தையும் பாக்க வேணாம்னு.

கசப்பு முக்கால்வாசி போயிடுச்சு. தொண்டையில வர்றது இல்ல. ஆனா இப்ப வேற ஒண்ணு வந்திருக்கு. வாயில மாவு நிக்குது, சாக்பீஸைக் கடிச்ச மாதிரி. முந்தி இருந்த வழுவழுப்பு போயிடுச்சு. முத மூணு வாய் போச்சு. நாலாவதுக்குத் தண்ணி தேடினேன். முழுங்க முடியாத ஆளுக்கு இது அடைக்கும்னு தோணுது. அடைக்கும். தோணுதுன்னு எழுதினது பயத்துல.

நல்லா இல்லம்மா. முன்னைக்கு இப்ப தேவலை, ஆனா நல்லா இல்ல.

இதை எழுதறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு. உங்க அத்தைகிட்ட கூட நான் இப்படிச் சொன்னது கிடையாது.

டப்பாவ அதே ஐஸ் பெட்டியில வச்சு நாளைக்குப் பையன்கிட்ட குடுத்து விடறேன். என் பேச்சை நம்ப வேணாம், மிச்சத்தை எடை போட்டுக்கோ. பாதி வரைக்கும் சாப்பிட்டேன். மீதிப் பாதிய உனக்காகச் சாப்பிடலாம்னு கை போச்சு. மூடிட்டேன்.

மாமா